கடன் வாங்கிப் போவதா, நடுவழியில் நின்று சம்பாதித்துப் போவதா?

1850-களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் வாழும் ஒரு நெசவாளி குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். மார்மன் சபையில், அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ராக்கி மலைகளுக்கு அப்பால் ஊட்டாவில் சபையார் கட்டிக்கொண்டிருக்கும் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ச் சேருவதை அவர்கள் சமயக் கடமையாகவே நினைத்தார்கள். லிவர்பூலில் இருந்த சபை அலுவலகம் கப்பலைப் பேசி, இடம் பிடித்து, ஆட்களைக் கூட்டமாக ஏற்றி அனுப்பிவிடும். சிக்கல் அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான். கரையிலிருந்து ஊட்டா இன்னும் இரண்டாயிரம் மைலுக்கு மேல். கையிலிருக்கும் காசு பாதி வழிக்குத்தான் காணும்.

இந்தக் குடும்பம் என்ன செய்யலாம்? சபையிடம் கடன் வாங்கி ஒரே மூச்சில் போகலாம். வழியில் ஒரு நகரத்தில் நின்று வேலை பார்த்து, ஒன்றிரண்டு வருடம் சேர்த்துவைத்துப் போகலாம். 1856 முதல் கைவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போகலாம். அல்லது நிலைமை மாறும் வரை இங்கிலாந்திலேயே பொறுத்திருக்கலாம். நான்கையும் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்கள். எது மலிவு என்று கேட்டுக்கொண்டு இந்தக் கணக்கைத் தொடங்கினால் தப்பான விடையில்தான் போய் நிற்போம் என்பது என் எண்ணம். சமவெளியில் எந்த மாதத்தில் கால் வைப்பீர்கள், நின்ற ஊரில் உங்களுக்கு வேலை தேடித்தர ஆள் உண்டா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

முதலில் கடன். 1849-இல் சபை 'நிரந்தரக் குடிபெயர்வு நிதி' என்று ஒன்றைத் தொடங்கியது. இல்லினாயில் நாவூ நகரத்திலிருந்து விரட்டப்பட்டு, 1846 முதல் அயோவா பக்கம் சிதறிக் கிடந்தவர்களைக் கூட்டிவருவதுதான் ஆரம்ப நோக்கம். அப்புறம் அது ஐரோப்பாவுக்கும் நீண்டது. யோசனை எளிமையானது. நிதி உங்களை ஊட்டாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீங்கள் அங்கே உழைத்துத் திருப்பிக் கட்டுவீர்கள். அந்தப் பணத்தில் அடுத்தவர் வருவார். கப்பல் ஏறுமுன் கையெழுத்திட வேண்டிய பத்திரம் மட்டும் கொஞ்சம் கனமானது. செலவு முழுவதையும், தேவைப்பட்டால் வட்டியோடு, அடைக்கும் வரை தங்கள் நேரமும் உழைப்பும் நிதியின் வசம் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படிக்கும்போது கொத்தடிமைச் சீட்டு மாதிரி தோன்றலாம். நடைமுறை அவ்வளவு கடுமையாக இல்லை. சால்ட் லேக் சிட்டியில் கோயில் வளாகத்தை ஒட்டி சபையின் பொதுப்பணித் துறை இருந்தது. டேனியல் வெல்ஸ் அதன் மேற்பார்வையாளர். தச்சுப் பட்டறை, கொல்லுப் பட்டறை, கல் வேலை, மதில் கட்டுவது என்று வந்திறங்கியவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. கூலியில் ரொக்கம் குறைவு. சபையார் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் தசமபாகம் சேரும் கிடங்கிலிருந்து மாவு, இறைச்சி, காய்கறி என்று பொருளாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு பகுதியைப் பயணக் கடனில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஊட்டாவில் ரொக்கமே அரிதாக இருந்த காலத்தில் இது ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு. கடன்காரனுக்கு வேலை கொடுப்பதும் கடன் கொடுத்தவரே.

திருப்பிக் கட்டியவர்கள் எத்தனை பேர்? பலரால் முடியவில்லை, அல்லது கட்டவில்லை. சபையின் பொன்விழா ஆண்டான 1880-இல் கணக்குப் பார்த்தபோது சுமார் 16 லட்சம் டாலர் பாக்கி நின்றது. அதில் பாதியை ஏழைகளுக்குத் தள்ளுபடி செய்தார்கள். 1887-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு நிதி நிறுவனத்தையே கலைத்துவிட்டது. கடன் வாங்கினால் வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து இந்த வழியை ஒதுக்கியவர்கள் தேவையில்லாமல் பயந்தார்கள் என்றே சொல்வேன்.

கடனின் உண்மையான குறை வேறு. கேட்ட எல்லோருக்கும் அது கிடைக்காது. நிதியில் பணம் கொஞ்சம், வரிசை நீளம். நீண்ட நாள் சபையில் இருப்பவர்கள், ஊட்டாவுக்குத் தேவையான கைத்தொழில் தெரிந்தவர்கள், ஊட்டாவில் இருக்கும் உறவினர் பணம் கட்டிப் பெயர் சொல்லி அழைத்தவர்கள், இவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். நம் நெசவாளிக்கு அங்கே அண்ணன் தம்பி யாராவது இருந்தால் சரி. இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஓரளவு காசு உள்ளவர்களுக்கு நடுவாந்தரமான ஒரு வழி இருந்தது. 1853-இல் தலைக்குப் பத்து பவுண்ட் கொடுத்தால் லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை கொண்டு சேர்ப்பதாகத் திட்டம் வந்தது. பத்துப் பேருக்கு ஒரு வண்டி, இரண்டு ஜோடி எருது, இரண்டு பசு, ஒரு கூடாரம். அடுத்த வருடமே அது பதின்மூன்று பவுண்ட் ஆகிவிட்டது. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும் அதே எருதுகளையும் வண்டிகளையும்தான் தேடினார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்? ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்தத் தொகை பெரும்பாலும் எட்டாக்கனிதான்.

செயின்ட் லூயிஸ்

இனி நின்று சம்பாதிக்கும் வழி. 1855 வரை மார்மன் கப்பல்கள் பெரும்பாலும் நியூ ஆர்லியன்ஸில்தான் கரை சேர்ந்தன. அங்கிருந்து நீராவிப் படகில் மிசிசிப்பி ஆற்றில் ஏறினால் செயின்ட் லூயிஸ். அடுத்த கட்டத்துக்குக் காசில்லாதவர்கள் இயல்பாகவே அங்கே இறங்கிவிடுவார்கள்.

இது ஒரு விசித்திரமான புகலிடம். மிசௌரி மாநில ஆளுநர் 1838-இல் மார்மன்களை ஒழித்துக்கட்டவோ விரட்டியடிக்கவோ வேண்டும் என்று உத்தரவு போட்டவர். அதே மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டது, சில சமயம் பரிந்தும் பேசியது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. 1850-இல் அந்த ஊரில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள்; ஜெர்மானியர்களும் அயர்லாந்துக்காரர்களும் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு வகை வெளியூர்க்காரரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வேலை செய்யக் கை இருந்தால் போதும்.

வேலையும் இருந்தது. படகுத்துறையில் சுமை ஏற்றி இறக்கலாம். 1849 மே மாதத் தீயில் ஆற்றங்கரையில் நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோனதால் கொத்தனுக்கும் தச்சனுக்கும் நல்ல கிராக்கி. நகரத்துக்கு வெளியே கிராவா பக்கம் நிலக்கரி வெட்டினார்கள். வேல்ஸிலும் இங்கிலாந்திலும் சுரங்கத்தில் இறங்கிப் பழகியவர்களுக்கு அது தெரிந்த தொழில். அங்கே சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டே ஒரு சபைக் கிளை நடந்தது. பெண்களுக்கு வீட்டு வேலை, தையல், சலவை. நெசவாளிக்கு மட்டும் சொந்தத் தொழிலுக்கு வழியில்லை. லங்காஷயர் மாதிரி பெரிய மில்கள் அங்கே கிடையாது. அவர் கூலி வேலைக்கு இறங்க வேண்டும், அல்லது புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

1854-க்குப் பிறகு இந்த வழி இன்னும் நல்லதாயிற்று. அந்த வருடம் சபையின் உயர் தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவரான இராஸ்டஸ் ஸ்னோவை சபை அங்கே அனுப்பியது. நவம்பரில் செயின்ட் லூயிஸ் முறையான சபை மாவட்டம் ஆனது. அதே மாதம் 'செயின்ட் லூயிஸ் லூமினரி' என்ற வாரப் பத்திரிகையும் தொடங்கியது. வந்திறங்குபவர்களை எதிர்கொள்வது, யார் உடனே மேற்கே போகலாம், யார் நின்று சம்பாதிக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வது, வண்டி மாடு வாங்கித் தருவது, எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆள் ஒருவர் ஊரிலேயே இருந்தார். என் கணக்கில் இதுதான் பெரிய வித்தியாசம். கூலி எல்லா ஊரிலும் கிடைக்கும். புதிதாக வந்தவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், இன்ன இடத்தில் இன்னாரைப் பார் என்று சொல்லும் ஆள் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்.

பாதகங்களையும் சொல்லத்தான் வேண்டும். காலரா முதலாவது. 1849-இல் மட்டும் அது செயின்ட் லூயிஸில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1850-களிலும் கோடை தோறும் அந்தப் பயம் இருந்தது. ஆற்றுப் பயணமும் ஆபத்தானது. 1852 ஏப்ரல் 9 அன்று மார்மன் குடும்பங்கள் பலவற்றை ஏற்றிக்கொண்டு செயின்ட் லூயிஸிலிருந்து மிசௌரி ஆற்றில் போன 'சலூடா' என்ற நீராவிப் படகு லெக்சிங்டன் ஊரருகே கொதிகலன் வெடித்துச் சிதறியது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை அந்த ஊர்க்காரர்களே எடுத்து வளர்த்தார்கள்.

மூன்றாவது பாதகம் மெதுவாக வருவது. ஒரு வருடம் என்று நின்றவர்கள் மூன்று வருடம் நின்றார்கள். வீடு, கடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று வேர் பிடித்துவிட்டது. பலர் ஊட்டாவை மறந்தே போனார்கள். சபைத் தலைவர்கள் இதை விசுவாசக் குறைவு என்றார்கள். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு அது அப்படித் தெரியவில்லை. நல்ல கூலி கிடைக்கும் ஊரை விட்டுவிட்டு வறண்ட பள்ளத்தாக்குக்கு எருது ஓட்டிக்கொண்டு போக யாருக்கும் இரண்டாவது யோசனை வரத்தான் செய்யும். ஆனால் போயே தீர வேண்டும் என்று உறுதியாக இருக்கும் குடும்பம் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செயின்ட் லூயிஸைத் தாண்டி, மிசௌரி ஆற்றங்கரையில் இன்றைய கவுன்சில் பிளஃப்ஸ் இருக்கும் இடத்தில் கேன்ஸ்வில் என்ற மார்மன் ஊர் இருந்தது. அங்கே நிலத்தை உழுது சோளம் விளைவித்து, தங்க வேட்டைக்காரர்களுக்கு விற்றுக் காசு பார்த்தவர்கள் உண்டு. 1852-இல் எல்லோரும் கிளம்பி வாருங்கள் என்று சபைத் தலைவர் பிரிகாம் யங் அழைத்ததும் ஊர் காலியானது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த வழி மூடிவிட்டது.

கிழக்குக் கரை

நியூ ஆர்லியன்ஸ் வழியில் காய்ச்சலும் காலராவும் ஆட்களை வாரிக்கொண்டு போனதால், 1854-இல் யங் பாதையை மாற்றச் சொன்னார். 1855 முதல் கப்பல்கள் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்ஃபியா துறைமுகங்களுக்குத் திரும்பின. 1856 தொடக்கத்தில் ரயில் அயோவா சிட்டி வரை வந்துவிட்டது. ஆற்றுப் படகே இல்லாமல் அங்கே போய் இறங்கலாம்.

நம் நெசவாளிக்கு இந்த மாற்றம் ஒரு பரிசு. மாசசூசெட்ஸின் லோவெல், ஃபால் ரிவர் போன்ற ஊர்களில் அவருக்குத் தெரிந்த தறிகள் ஓடின. கணவனும் மனைவியும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளையும் சேர்ந்தே மில்லுக்குப் போகலாம். நியூயார்க்கில் உதவிக்கும் ஆள் இருந்தது. அப்போஸ்தலர் ஜான் டெய்லர் 1855 பிப்ரவரியில் 'தி மார்மன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நகரத்தின் இரண்டு பெரிய நாளிதழ்களான ஹெரால்டுக்கும் ட்ரிப்யூனுக்கும் நடுவிலேயே அலுவலகம் பிடித்தார். சபையைத் தாக்கி எழுதுபவர்களின் கண்ணுக்கு முன்னால் கடை போட்ட துணிச்சலைப் பாராட்ட வேண்டும். காசில்லாமல் வந்திறங்கியவர்களுக்கு இடமும் வேலையும் பார்த்துச் சொல்வதும் அவர் தலையில்தான் விழுந்தது.

ஆனால் இந்த ஏற்பாடு ஒரே அடியில் உடைந்துபோனது. 1857 ஆகஸ்டில் நிதி நெருக்கடி வெடித்து, கிழக்குக் கரை மில்கள் வரிசையாக மூடின. அதே சமயம் ஊட்டாவுக்கும் மத்திய அரசுக்கும் மோதல் முற்றி, ராணுவம் மேற்கே கிளம்பியது. டெய்லர் ஊட்டா திரும்பிவிட்டார், பத்திரிகை நின்றது. வேலையும் போய், வழிகாட்ட ஆளும் போய், முன்னேயும் பின்னேயும் நகர முடியாமல் அந்தக் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டவர்களின் நிலை பரிதாபமானது. ஆக 1855-56-இல் கிழக்குக் கரையில் நிற்பது நல்ல தீர்மானம். 1857-இல் அதே தீர்மானம் படுகுழி.

கைவண்டி

நின்று சம்பாதிக்கவும் வேண்டாம், எருதுக்குக் காசும் வேண்டாம் என்று 1856-இல் வந்தது கைவண்டித் திட்டம். லிவர்பூல் முதல் சால்ட் லேக் வரை தலைக்கு ஒன்பது பவுண்ட். அயோவா சிட்டியிலிருந்து சுமார் 1,300 மைல் நடை. ஐந்து பேருக்கு ஒரு கைவண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம், நூறு பேருக்கு எருது பூட்டிய ஒரு பார வண்டி. பெரியவர் ஒருவருக்குத் துணிமணி, போர்வை எல்லாம் சேர்த்து 17 ராத்தல் சாமான், சிறுவருக்கு 10. நம் குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியை இழுக்கும்.

மார்மன் வரலாற்றில் மிகவும் பேசப்படுவது இந்தப் பயணம்தான். அதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்வதால் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. 1856 முதல் 1860 வரை பத்துக் கைவண்டிக் கூட்டங்கள் போயின, மொத்தம் சுமார் 3,000 பேர். பெரும்பாலான கூட்டங்கள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. 'ஈனக் டிரெயின்' கப்பல் 1856 மார்ச் 23 அன்று லிவர்பூலை விட்டது. அதில் வந்தவர்களில் பலர் முதல் இரண்டு கூட்டங்களில் ஜூன் இரண்டாம் வாரத்தில் அயோவா சிட்டியை விட்டு, செப்டம்பர் 26-இல் சால்ட் லேக் சேர்ந்தார்கள். அதே வருடம் 'தார்ன்டன்' மே 4 அன்றும், 'ஹொரைசன்' மே 25 அன்றும் கிளம்பின. அயோவா சிட்டியில் கைவண்டிகள் தயாராக இல்லை; காயாத மரத்தில் அவசரமாகச் செய்தார்கள். வில்லி என்பவர் தலைமையில் போன கூட்டம் ஜூலை 15-இல்தான் நகர்ந்தது, மார்ட்டின் என்பவரின் கூட்டம் அதற்கும் பின்னால்.

ஆகஸ்டில் இன்றைய நெப்ராஸ்காவில் உள்ள ஃபுளோரன்ஸில் வில்லி கூட்டத்தார் ஒன்றுகூடி, மேலே போவதா நிற்பதா என்று விவாதித்தார்கள். லீவை சாவேஜ் என்பவர் அந்த வழியை முன்பே பார்த்தவர். கிழவர்களும் குழந்தைகளும் இருக்கும் கூட்டத்தோடு இந்தப் பருவத்தில் மலை ஏறக் கூடாது, இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்போம் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. போகிறோம் என்று முடிவானதும் அவரும் கூடவே கிளம்பினார். அக்டோபர் 19-இல் வயோமிங்கில் பனி கொட்டியது. மாவு தீர்ந்துகொண்டிருந்தது. ஊட்டாவிலிருந்து மீட்பு வண்டிகள் வந்து சேருமுன்னும் சேர்ந்த பின்னுமாக இரண்டு கூட்டங்களிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஃபுளோரன்ஸில் சிலர் நின்றுகொண்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கிடைத்த வேலையைச் செய்து குளிர்காலத்தைக் கழிக்கும் வழி அங்கே திறந்தேதான் இருந்தது. பத்து வருடம் முன்பு, 1846-இல், நாவூவிலிருந்து கிளம்பிய மார்மன்கள் இதே அயோவா வழியில் அப்படித்தான் பிழைத்தார்கள். ஆண்கள் மிசௌரி எல்லை ஊர்களுக்குப் போய் வேலி மரம் பிளந்தும் வீடு கட்டியும் சோளமும் பன்றி இறைச்சியும் கூலியாக வாங்கி வந்தார்கள். வில்லியம் பிட்டின் பித்தளை வாத்தியக் குழு வழி ஊர்களில் கச்சேரி நடத்திக் காசு சேர்த்தது. அந்தக் கோடையில் சுமார் ஐந்நூறு பேர் மெக்சிகோ போருக்கு ராணுவத்தில் சேர்ந்து, தலைக்கு 42 டாலர் உடைப்படியை முன்பணமாக வாங்கி, பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நின்று உழைத்து நகர்வது அவர்கள் கைகண்ட முறை. 1856-இல் வேகத்தின் மேல் வைத்த நம்பிக்கையில் அதை மறந்தார்கள்.

அதனால் கைவண்டி பற்றி என் தீர்ப்பு இது: ஏப்ரலுக்குள் லிவர்பூலை விடும் கப்பலில் இடம் கிடைத்தால், கைக்குழந்தையும் முதியவரும் இல்லாத குடும்பம் தாராளமாகப் போகலாம். மே மாதக் கப்பல் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அப்படியே கப்பல் ஏறியாகிவிட்டது என்றால் அயோவாவில் நின்றுவிட வேண்டும்.

பொறுத்திருந்தவர்கள்

நான்காவது வழியான காத்திருப்பு யாருக்கும் பிடிக்காதது. ஆனால் 1861 வரை தாக்குப்பிடித்தவர்களுக்கு அது நல்ல பலன் கொடுத்தது. சரக்கு ஏற்றிய எருது வண்டிகள் ஊட்டாவிலிருந்து கிழக்கே போய் அதே பருவத்தில் திரும்பிவர முடியும் என்று 1860-இல் ஜோசப் யங் செய்து காட்டினார். அடுத்த வருடம் சபை சுமார் இருநூறு வண்டிகளை மிசௌரி ஆற்றுக்கு அனுப்பி, வந்திறங்கியவர்களை ஏற்றி வந்தது. வண்டியும் எருதும் ஓட்டுநரும் ஊட்டா ஊர்ச் சபைகள் கொடுத்தவை. ஓட்டுநருக்கு உழைப்பு தசமபாகக் கணக்கில் வரவு. பயணிக்கு எருது வாங்கும் செலவே கிடையாது. கட்டணத்தையும் கடனாக எழுதிவைத்து அப்புறம் கட்டலாம். வழி தெரிந்த ஓட்டுநர், பழகிய மாடு, சரியான மாதம், மூன்றும் ஒன்றாக அமைந்துவிட்டன. 1868 வரை, இடையில் ஓரிரு வருடங்கள் தவிர, இது நடந்தது.

ஆற்றங்கரை வரை வருவதற்கான காசு மட்டும் கையில் வேண்டும். அந்தக் காசுக்காகக் கிழக்குக் கரையில் ஒரு வருடம் மில்லில் உழைப்பது இப்போது பொருளுள்ள வேலை, ஏனென்றால் எவ்வளவு சேர்த்தால் போதும் என்று முன்கூட்டியே தெரியும். செயின்ட் லூயிஸ் மட்டும் உள்நாட்டுப் போரோடு இந்தப் பாதையிலிருந்து விலகிவிட்டது.

1869 மே 10-இல் ஊட்டாவின் ப்ரோமன்டரியில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் இணைந்தன. ஜூன் 2 அன்று 'மினசோட்டா' நீராவிக் கப்பலில் லிவர்பூலை விட்டவர்கள் ஜூன் 25-இல் ஊட்டாவின் ஆக்டனில் ரயிலை விட்டு இறங்கினார்கள். பருவம் பார்க்கும் கவலை அத்தோடு தீர்ந்தது. எஞ்சியது டிக்கெட்டுக் காசு மட்டும்.

சரி, நம் நெசவாளிக்கு என்ன சொல்வது? 1853-54 என்றால், கடன் வரிசையில் இடம் கிடைத்தால் கடன். கிடைக்காவிட்டால் செயின்ட் லூயிஸ், அதிலும் 1854 இறுதியில் ஸ்னோ அங்கே வந்த பிறகு. 1855 என்றால் கிழக்குக் கரை மில், அதில் சேர்த்த காசோடு 1857 கோடைக்குள் மேற்கே நகர்ந்துவிட வேண்டும். 1856 என்றால் கப்பல் தேதியைப் பார்த்து முடிவு செய்யலாம். 1857 முதல் 1860 வரை, அவசரம் எதுவும் இல்லையென்றால், லங்காஷயரை விட்டு அசைய வேண்டாம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்திருந்தால் 1854 வாக்கில் நான் யோசிக்காமல் கிராவாவைக் காட்டியிருப்பேன். மூன்று சிறு பிள்ளைகளோடு இருக்கும் கைம்பெண்ணுக்கு 1861-க்கு முந்தைய வழிகளில் கடனைத் தவிர எதையும் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பத்திரத்தில் அவர் தயங்காமல் கையெழுத்துப் போடலாம்.